லுக்குட் மண்கோட்டை: கோலாலம்பூர் புறப்பட்ட வீடு

விடுமுறை நாளில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகாத கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பம் குறைவு. புளிச்சோறு, பாய், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி என்று கட்டிக்கொண்டு கிளம்பி, சிரம்பானைத் தாண்டி, "கடல் எப்ப வரும்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கும்போது லுக்குட் வருகிறது. சிறிய பட்டணம். பெரும்பாலோர் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்தினாலும் சாப்பிடத்தான்.

அந்தப் பட்டணத்தை ஒட்டி மரம் மூடிய ஒரு குன்று இருக்கிறது. மலாயில் அதன் பெயர் புக்கிட் காஜா மாத்தி. தமிழில் சொன்னால் 'யானை செத்த குன்று'. மேலே ஏறினால் கல் மதில் எதுவும் கண்ணில் படாது. புல் மூடிய நீண்ட மண்கரை ஒன்றும், அதற்கு வெளியே அதே நீளத்துக்கு ஓடும் பள்ளமும்தான் தெரியும். விவரம் தெரியாதவர் தோட்டத்துக் கான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்.

அதுதான் கோத்தா லுக்குட். 1847ஆம் ஆண்டு ராஜா ஜுமாட் என்ற தலைவர் தம் வீட்டைச் சுற்றி எழுப்பிய மண்கோட்டை. கோலாலம்பூர் என்ற ஊர் உருவாகக் காரணமான முதல் ஈயத் தொழிலாளர்கள் பின்னர் இந்தக் குன்றின் அடியிலிருந்துதான் புறப்பட்டார்கள். நம் தலைநகரத்துக்குத் தாய்வீடு என்று ஓரிடத்தைக் காட்டச் சொன்னால் மஸ்ஜித் ஜாமெக் ஆற்றுமுனையைக் காட்டுவோம். அதற்கும் முந்தைய வீடு இங்கே இருக்கிறது.

வெட்டிய மண்ணே மதில்

மண்கோட்டை கட்டும் முறை எளிது. வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் பள்ளம் வெட்டுவார்கள். வெட்டிய மண்ணை வெளியே கொட்டாமல் உள்பக்கமாகவே எறிந்து கரையாக ஏற்றுவார்கள். ஒரே வேலையில் அகழியும் மதிலும் கிடைத்துவிடும். பள்ளத்தில் இறங்கியவன் மறுபக்கம் ஏறவேண்டுமென்றால் பள்ளத்தின் ஆழத்தோடு கரையின் உயரத்தையும் சேர்த்து ஏறவேண்டும்.

லுக்குட் கோட்டை ஏறத்தாழ 200 மீட்டர் நீளமும் 170 மீட்டர் அகலமும் கொண்ட நீள்சதுரம். அதாவது எட்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். சுற்றளவு 740 மீட்டர் வரும். ஒரு மீட்டர் அகலத்தில், ஒரு மீட்டர் ஆழத்துக்கு மட்டும் வெட்டியிருந்தாலே 740 கன மீட்டர் மண்ணை மண்வெட்டியால் தூக்கியிருக்க வேண்டும். உண்மையில் வெட்டியது அதைப் போலப் பல மடங்கு. தோட்டத்தில் கான் வெட்டிக் கூலி வாங்கிய தாத்தா, பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை ஆள், எத்தனை நாள் என்று நம்மைவிட வேகமாக அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

குன்றின் உச்சியில் வெட்டியதால், ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் வயல்வெளி அகழியாக இதை எண்ணிக்கொள்ளக் கூடாது. ஏறி வருகிறவனைத் தடுத்து நிறுத்துவதற்கான வெட்டுப்பள்ளம் இது. உள்ளே ராஜா ஜுமாட்டின் குடியிருப்பு இருந்தது. கீழே ஆறு, அங்காடித் தெரு, அதற்கும் அப்பால் ஈயச் சுரங்கங்கள். நம் பெரியவர்கள் ஈய லம்பம் என்பார்களே, அவை. எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வீடு எரிந்த ஊர்

ஒரு வீட்டுக்கு இவ்வளவு காவல் எதற்கு? லுக்குட்டின் முந்தைய கதையில் பதில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுக்குட் சிலாங்கூர் சுல்தானின் ஆட்சிக்குள் இருந்தது. இன்று நெகிரி செம்பிலானில் இருப்பதால் இது பலருக்குத் தெரியாது. ஈயம் கிடைத்ததால் சீனத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். 1834இல் அங்கே தலைவராக இருந்த ராஜா பூசுவுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஈய வரி தொடர்பாகத் தகராறு முற்றியது. தொழிலாளர்கள் அவருடைய வீட்டைத் தாக்கித் தீ வைத்தார்கள். அதில் அவர் கொல்லப்பட்டார். பதிலடியில் சீனர்கள் பலரும் உயிரிழந்தார்கள். செழிப்பாக இருந்த ஊர் சில நாள்களில் பாழடைந்தது.

அதன் பிறகுதான் ராஜா ஜுமாட் வருகிறார். ரியாவ் தீவுகளிலிருந்து வந்த பூகிஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். சுல்தான் முகமதுவின் மருமகன். மலாக்கா வணிகர்களிடம் ஏற்பட்டிருந்த கடனிலிருந்து சுல்தானை மீட்க உதவியதற்காக 1846இல் லுக்குட் இவருக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அகழி வெட்டத் தொடங்கிவிட்டார். முன்பிருந்தவரின் வீடு எரிந்து 13 ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த நினைவு ஊரில் யாருக்கும் மறைந்திருக்காது. கடற்கொள்ளைக்காரர்கள், போட்டித் தலைவர்கள் என்று வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனாலும் அந்தத் தீயை மறந்துவிட்டு இந்தக் கோட்டையைப் புரிந்துகொள்ள முடியாது என்றே தோன்றுகிறது.

ராஜா ஜுமாட் கோட்டை மட்டும் கட்டவில்லை. சீனத் தொழிலாளர்களைத் திரும்ப வரவழைத்தார். சாலைகளும் செங்கல் கடைகளும் வந்தன. 1850களில் இந்தக் கடற்கரையில் ஒழுங்காக நடக்கும் ஊர் எது என்றால் நீரிணைக் குடியேற்றத்து ஆங்கிலேய அதிகாரிகள் லுக்குட்டைத்தான் காட்டினார்கள்.

87 பேர்

ராஜா ஜுமாட்டின் தம்பி ராஜா அப்துல்லாவுக்கு 1850களின் முற்பகுதியில் கிள்ளான் கொடுக்கப்பட்டது. அண்ணனின் வெற்றியைக் கிள்ளான் ஆற்றிலும் செய்து பார்க்க இருவரும் முடிவெடுத்தார்கள். மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி திரட்டினார்கள். 1857இல் லுக்குட்டிலிருந்து 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறினார்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் இறங்கிக் காட்டுக்குள் நடந்து அம்பாங் வட்டாரத்தில் ஈயம் தேடினார்கள். ஒரு மாதத்தில் மலேரியா அவர்களைத் தின்றது. மிஞ்சியவர்கள் 18 பேர்.

அண்ணன் தம்பி இருவரும் பின்வாங்கவில்லை. இன்னும் 150 பேரை அனுப்பினார்கள். 1859இல் அம்பாங்கிலிருந்து முதல் ஈயம் வெளியே வந்தது. அந்தத் தொழிலாளர்களுக்கு அரிசியும் கருவாடும் விற்க ஆற்றுமுனையில் கடை போட்ட ஹியூ சியூ லுக்குட்டில் தொழில் செய்தவர். பின்பு கோலாலம்பூரின் முதல் கப்பித்தான் ஆனார். மூன்றாம் கப்பித்தான் யாப் ஆ லோய் கோலாலம்பூரை உருவாக்கியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம். அவரும் இளம் வயதில் லுக்குட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். பெத்தாலிங் ஸ்திரீட் கடைவரிசையின் வேரைப் பிடித்துக்கொண்டே போனால் இந்தக் குன்றடியில் வந்து நிற்கும்.

கிள்ளானில் மிஞ்சியது

கிள்ளான் லிட்டல் இந்தியாவில் தீபாவளிச் சாமான் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதையின் மறுபாதி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 1857இல் ராஜா அப்துல்லா கட்டிய கெடோங் ராஜா அப்துல்லா இன்னும் நிற்கிறது. வீடாகவும் ஈயக் கிடங்காகவும் பயன்பட்ட கட்டடம். பிற்காலத்தில் காவல் நிலையமாகவும் இருந்தது.

அபின் வரி தொடர்பாக ராஜா அப்துல்லாவோடு மோதிய ராஜா மஹாடி 1867இல் கிள்ளானைப் பிடித்தார். சிலாங்கூர் உள்நாட்டுப் போர் அங்கிருந்து பற்றியது. கிள்ளான் குன்றின் மேல் மண்கரை எழுப்பிப் பீரங்கிகளோடு உட்கார்ந்துகொண்ட ராஜா மஹாடியை வெளியேற்ற தெங்கு கூடினின் ஆட்களுக்கு 1870 மார்ச் வரை ஆனது. போர் 1874இல் ஓய்ந்தபோது ஆங்கிலேய ரெசிடெண்ட் சிலாங்கூருக்குள் வந்துவிட்டார். நம் முன்னோர் கப்பலேறி வந்த தோட்ட உலகத்துக்கு வழி திறந்தது அந்த முடிவுதான்.

கோத்தா ராஜா மஹாடி என்று கிள்ளானில் இன்று காட்டப்படுவது ஒரு நுழைவாயில். மண்கரையும் பள்ளமும் ஊர் வளர்ந்தபோது ஊருக்குள்ளேயே கரைந்துவிட்டன. ஒரே காலத்தில், ஒரே குடும்பச் சண்டைக்குள் இருந்த இரண்டு மண்கோட்டைகளில் ஒன்று பிழைத்தது, மற்றொன்று பெயராக மட்டும் மிஞ்சியது. லுக்குட் பிழைத்ததற்கு யாருடைய தொலைநோக்கும் காரணமில்லை. அந்த ஊர் வளராமல் நின்றதுதான் காரணம்.

1864இல் ராஜா ஜுமாட் இறந்தார். ஈயமும் குறைந்துகொண்டே வந்தது. மகன் ராஜா போட்டின் காலத்தில், 1880இல், எல்லைச் சீரமைப்பில் லுக்குட் சுங்கை ஊஜோங்கோடு சேர்க்கப்பட்டு, பின்னாளில் நெகிரி செம்பிலானின் பகுதியானது. அதே 1880இல்தான் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. தாய்வீடு ஒரு மாநிலத்தில், பிள்ளை இன்னொரு மாநிலத்தில் என்றானது இப்படித்தான். சிலாங்கூர் வரலாறு பேசுகிறவர்கள் லுக்குட்டை மறந்துபோக இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கப்பல்கள் போர்ட்டிக்சனுக்குப் போயின. சுற்றுவட்டாரம் தோட்டமாக மாறியது. அகழி மரத்துக்கடியில் மறைந்தது. சௌகிட்டில் ராஜா போட் சந்தைக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிடங்கு என்ற சொல்

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. மலாயில் கோட்டைக்கு 'கோத்தா' என்கிறோம். அது 'கோட்ட' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம் 'கோட்டை'க்கு அது நெருங்கிய உறவு. அதைவிட சுவையானது 'கிடங்கு'. இன்று கிடங்கு என்றால் சரக்கு வைக்கும் இடம். பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி, வெட்டிய பள்ளம். பள்ளம் என்ற பொருள் தேய்ந்து, பொருள் சேமிக்கும் இடம் என்ற பொருள் நிலைத்தது. மலாயில் சரக்கறையைக் குறிக்கும் 'கூடாங்', அதன் வழியாக ஆங்கிலத்துக்குப் போன 'கோடவுன்' ஆகியவற்றுக்கு மூலம் தமிழ்க் கிடங்கு அல்லது அதன் தெலுங்கு இணை என்பது அகராதிக்காரர்கள் பலரும் சொல்லும் விளக்கம். ஆக, லுக்குட்டில் அண்ணன் வெட்டியதும் கிடங்கு, கிள்ளானில் தம்பி ஈயம் வைத்ததும் கிடங்கு. ராஜாக்கள் இருவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை!

தமிழகத்தில் திண்டிவனத்துக்குள்ளேயே கிடங்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் அதுதான் என்பர். ஊரின் பெயரே அகழி. புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையில் மண்ணால் எழுப்பிய பெரிய கோட்டைக் கரையும் அகழியும் இன்றும் தெரிகின்றன. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023இல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தன. தங்க மூக்குத்தி போன்ற சிறு அணிகலனும் கார்னீலியன் மணியும் கிடைத்தபோதுதான் செய்தித்தாள்கள் அந்த ஊரைத் திரும்பிப் பார்த்தன. ஆடு மேய்த்தவர்கள் அந்தக் கரையைக் 'கோட்டை' என்றே காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

கடாரம் வென்ற ராஜேந்திர சோழனின் தலைநகரம்கூட இப்படித்தான் ஒளிந்திருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயில் எல்லாருக்கும் தெரியும். அரண்மனை எங்கே? பக்கத்து ஊர் உட்கோட்டையில் மாளிகைமேடு என்று ஒரு மண்மேடு. 1980 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் செங்கல் சுவர்கள் வெளிவந்தன. உட்கோட்டை, மாளிகைமேடு என்ற பெயர்களை ஊர்க்காரர்கள் விடாமல் வைத்திருந்ததால், எங்கே தோண்டவேண்டும் என்பதை ஆய்வாளர்கள் தேடி அலையவேண்டியிருக்கவில்லை.

ஆறாயிரம் அகழிகளைக் காக்கும் நாடு

இத்தகைய மண்வேலைகளை எண்ணிக் கணக்கெடுத்துப் பாதுகாப்பதில் முன்னோடி இங்கிலாந்து. அங்கே அகழி சூழ்ந்த மனைகள் மட்டும் ஏறத்தாழ 6,000 அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டப்பட்டவை. அரசர்களின் கோட்டைகள் அல்ல. நிலக்கிழார்கள், வசதியான குடியானவர்கள், மடங்கள் ஆகியோரின் வீடுகள். எசெக்ஸ், சஃபோக் போன்ற கிழக்கு மாவட்டங்களில் மண் களிமண்ணாக இருப்பதால் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தானாகவே நின்றது. மீன் வளர்த்தார்கள். வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தின் ஈரம் வடிந்தது. தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. திருடனும் யோசிப்பான்.

இதையெல்லாம் மிஞ்சிய காரணம் கௌரவம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வீட்டுக்குக் கோட்டைபோல் பல்வரிசை மதில் வைக்க அரசரின் உரிமம் வாங்குவது வழக்கம். அகழி வெட்ட அப்படி எதுவும் வேண்டியதில்லை. பெரிய பிரபுவைப்போல் வாழ ஆசைப்பட்டவர் கைக்கெட்டியதைச் செய்தார். நம்மூரில் தரைவீட்டுக்கு அரண்மனை கேட் போடுகிறவர்களை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

கென்ட் மாவட்டத்தின் இட்டம் மோட் போன்ற சில இடங்களில் 14ஆம் நூற்றாண்டு வீடு தண்ணீர் நடுவே அப்படியே நிற்கிறது. பெரும்பாலானவற்றில் வீடு போய்விட்டது. மாடு மேயும் புல்வெளியில் ஒரு சதுரத் தீவும் சுற்றிலும் பள்ளமும் மட்டும் மீதி. அந்த வெற்றுப் பள்ளத்தையும் அவர்கள் நினைவுச்சின்னமாகப் பதிவு செய்கிறார்கள். 1882இல் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது நடப்பிலிருப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். பட்டியலில் ஏறிய நிலத்தில் சொந்தக்காரரே ஆனாலும் அனுமதியின்றித் தோண்டவோ, நிரப்பவோ, மண் கொட்டவோ முடியாது.

காரணம் நேரானது. கல் கோயில் இடிந்தால் கற்கள் கிடக்கும்; பார்த்ததும் தெரியும், எடுத்து அடுக்கவும் முடியும். மண்கரையைப் புல்டோசர் ஒரு பகலில் சமப்படுத்திவிட்டால் மறுநாள் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அகழிக்கு அடியில் சேறோடு சேர்ந்து கிடந்த விதை, மரத்துண்டு, தோல், உடைந்த பானை எல்லாம் அதோடு போகும். நெடுங்காலம் ஈரமாகக் கிடக்கும் சேறு, மேல் மண்ணில் மக்கிப்போகும் பொருள்களைக்கூடக் காத்து வைத்திருக்கும்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம், அதாவது சட்டம் 645. 2006 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. ஜபாத்தான் வாரிசான் நெகாரா எனப்படும் தேசியப் பாரம்பரியத் துறை இதை நிர்வகிக்கிறது. ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவித்து அரசிதழில் வெளியிட முடியும். நிலம் மாநில விவகாரம் என்பதால் மாநில அரசையும் கலந்தே இது நடக்கவேண்டும். இந்த இரண்டு படிக்கட்டுக்கு நடுவில் காலம் ஓடிவிடுவதுதான் நம் சிக்கல்.

என்ன ஆகும் என்பதற்கு 2013 கடைசியில் கெடாவில் நடந்தது ஒன்று போதும். பூஜாங் பள்ளத்தாக்கில் சுங்கை பத்து தோட்டத்திலிருந்த சண்டி 11 என்ற தொன்மையான கோயில் அடித்தளம், வீடமைப்புக்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. நிலம் தனியாருடையது. ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான், எண்கூடக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அரசிதழில் ஏறியிருக்கவில்லை. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. எழுந்தபோது அது தரையோடு தரையாகிவிட்டிருந்தது.

சண்டி 11 செங்கல்லால் ஆனது. அதற்கே இந்தக் கதி என்றால், வெறும் மண்ணால் ஆனதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இது ஏன் தோட்டத்து வாசகர்களின் விஷயம் என்றால், இந்த நாட்டின் மேட்டையும் பள்ளத்தையும் அவர்களைப்போல் காலால் அறிந்தவர்கள் குறைவு. ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். புத்ராஜெயா பிராங் பெசார் தோட்டம். நிரைபிடித்துப் பால் வெட்டியவர்களுக்கு எந்த இடத்தில் மேடு ஏறும், எந்தப் பள்ளம் தாங்கள் வெட்டாதது, எங்கே மண்வெட்டி ஓடு தட்டும் என்று தெரியும். அந்த அறிவு எழுதப்படாமலேயே தோட்டத்தோடு வீடமைப்புத் திட்டத்துக்கு அடியில் போய்விட்டது. பெயர்கள்கூட மிஞ்சவில்லை. உட்கோட்டைக்கு மாளிகைமேடு என்ற பெயர் இருந்தது. நம் இடங்களுக்கு இருந்தவை பால்மரக் காட்டு எண்கள்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் மண் வெறும் மண்ணல்ல என்பதற்குச் சான்று ஏற்கெனவே இருக்கிறது. கிள்ளானில் கிடைத்த ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையான வெண்கல மணி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பந்திங் பக்கம் கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் மண்ணுக்கடியிலிருந்து வெண்கல முரசுகள் கிடைத்தன. இன்னும் செம்பனையாகவே இருக்கும் கோல லங்காட், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் மறுநடவுக்கும் வீடமைப்புக்கும் இயந்திரங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

சட்டம் 645இன்படி, பழம்பொருள் எனத் தோன்றும் எதையாவது கண்டெடுப்பவர் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. வழக்கத்துக்கு மாறான நேர்கோட்டு மேடு, சதுரப் பள்ளம், ஒரே இடத்தில் குவிந்த பழைய பானை ஓடு, பீங்கான் துண்டு ஆகியவற்றைக் கண்டால் கைப்பேசியில் படம் எடுத்து, இடத்தின் குறியீட்டையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. ஓட்டை எடுத்துக் கழுவிக் கொண்டுபோய்க் காட்டுவது உதவியாகாது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு ஓட்டைவிட முக்கியம்.

போகிறவர்களுக்கு

லுக்குட் போர்ட்டிக்சனுக்கு முன்னால், சுமார் எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. குன்றின் அடியில் 1999இல் திறக்கப்பட்ட லுக்குட் அருங்காட்சியகம் நெகிரி செம்பிலான் மாநில அருங்காட்சியக வாரியத்தின் பராமரிப்பில் உள்ளது. அங்கே முதலில் நுழைந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறுவதே சரி. நேரே ஏறினால் பார்த்தது என்ன என்று தெரியாமல் இறங்கிவிடுவோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் கொசு மருந்தும் பிடிமானமுள்ள செருப்பும் எடுத்துக்கொள்ளலாம். மழை பெய்த மறுநாள் கரை வழுக்கும்.

காலை அல்லது மாலைதான் நல்ல நேரம். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். வெயில் சாயும்போது பள்ளத்தில் நிழல் விழுந்து கரையின் கோடு எழுந்து நிற்கும். இங்கிலாந்தில் விமானத்திலிருந்து மண்வேலைகளைப் படம் எடுப்பவர்களும் இதே சாய்வு வெளிச்சத்துக்குத்தான் காத்திருப்பார்கள். கரைமேல் ஏறி ஓடவும், மேலே மோட்டார் சைக்கிள் ஓட்டவும் விடாதீர்கள். புல் வேர்தான் இந்த மதிலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு தடம் விழுந்தால் அடுத்த மழை அந்தத் தடத்தின் வழியே மண்ணைக் கொண்டு போய்விடும்.

உள்ளே சென்றதும் பிள்ளைகளை அகழியோரமாக நடக்கவிட்டு, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை அடி எண்ணச் சொல்லலாம். நீளப் பக்கத்தில் சின்னக் கால்களுக்கு நானூறு அடி வரை வரும். அதே கோட்டில் மண்வெட்டியோடு நின்றவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.